பிரிகேடியர் எந்த ஆண்டில் ஓய்வுபெற்றார்? 'டாக்டர் ஹூ' தொடரின் யூனிட் காலக்கணக்கு

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தைகளில் வைக்கிறேன். 'டாக்டர்' என்ற காலப்பயணியைச் சுற்றி ஓடும் பிபிசி தொடரான 'டாக்டர் ஹூ'வின் பழைய கதைகளை வரிசையாகப் பார்த்து வருகிறீர்கள். 1975-ல் ஒளிபரப்பான 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' கதையில் டாக்டருடன் பயணிக்கும் பத்திரிகையாளர் சாரா ஜேன் ஸ்மித், தான் 1980-லிருந்து வந்தவள் என்கிறாள். அதே சீசனின் முதல் கதையில்தான் பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட் வேற்றுக்கிரக ஆபத்துகளைச் சமாளிக்கும் யூனிட் என்ற படைக்குத் தலைவராக, முழுப் பணியில் இருந்தார். ஆனால் 1983-ல் வந்த 'மாட்ரின் அன்டெட்' கதையில் அதே மனிதர் 1977-லேயே ஓய்வுபெற்று, ஆண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியாராக உட்கார்ந்திருக்கிறார். எது சரி, எழுதியவர்கள் யாருமே கவனிக்கவில்லையா, அல்லது உங்களுக்குப் பிடிபடாத விளக்கம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறீர்கள்.

உங்களுக்கு எதுவும் பிடிபடாமல் போகவில்லை. இரண்டும் பொருந்தாது, அவ்வளவுதான். இதற்கு 'யூனிட் டேட்டிங்' என்று பெயரே வைத்து பிரிட்டிஷ் ரசிகர்கள் நாற்பது ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறார்கள். நீங்கள் பார்த்தது அதில் பாதிதான். மோதிக்கொள்வது இரண்டு கணக்கு இல்லை, மூன்று. மூன்றாவதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்தச் சண்டை ஏன் ஓயவில்லை என்பது புரியும்.

நான் எந்தத் தகுதியில் பேசுகிறேன் என்றால், சென்னையில் டிவி சீரியல்களின் கதை இலாகாவில் பல வருடம் வேலை பார்த்தவன். பிபிசியின் அறைக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்கு நேரடியாகத் தெரியாது. திரையில் இருப்பதையும், தயாரிப்பைப் பற்றிப் பலரும் அறிந்ததையும் வைத்துத்தான் சொல்கிறேன். ஆனால் இப்படிப்பட்ட ஓட்டை ஒரு தொடரில் எப்படி விழுகிறது என்பது தொழிலில் நன்றாகவே தெரியும்.

எங்கள் வேலையில் கன்டின்யூட்டி இரண்டு வகை. ஒன்று தளத்தில் உதவி இயக்குநர் பார்த்துக்கொள்வது. கதாநாயகி படியேறும்போது கையில் நான்கு வளையல் என்றால் மேலே போய்ச் சேரும்போதும் நான்கு இருக்க வேண்டும். இதற்குப் போட்டோ எடுத்து வைத்தால் போதும். இன்னொன்று கதைக் கன்டின்யூட்டி. யாருக்கு யார் அண்ணன், எந்தக் கல்யாணம் முதலில் நடந்தது, யாருக்கு எந்த ரகசியம் தெரியும் என்பதெல்லாம் இதில் சேரும். இது யாரோ ஒருவருடைய மண்டைக்குள்தான் இருக்கும். அவர் வேலையை விட்டுப் போனால் அதுவும் அவரோடு போய்விடும். அதனால்தான் கதை விவாதத்தில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு: ஆண்டைச் சொல்லாதே. 'அப்பா செத்து பத்து வருஷம் ஆச்சு' என்று வசனம் எழுதலாம், '2009-ல் செத்தார்' என்று எழுதக்கூடாது. ஆண்டைச் சொல்லிவிட்டால் அடுத்து எழுத வருகிறவன் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும், அவனுக்கோ அது ஞாபகமே இருக்காது. காலப்பயணம் செய்கிற ஒரு தொடருக்கு இந்தச் சலுகை கிடையாது. டார்டிஸ் என்ற காலப்பயணப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்ததும் 'இது எந்த வருஷம்?' என்று கேட்பதுதான் அவர்கள் பிழைப்பே.

இப்போது சாட்சியங்களுக்கு வருவோம். முதல் கணக்கு 1968-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு பிப்ரவரி, மார்ச்சில் 'தி வெப் ஆஃப் ஃபியர்' வந்தது. லண்டன் சுரங்க ரயில் பாதைகளில் எட்டி என்னும் இயந்திரப் பனிமனிதர்கள் புகுந்துவிடும் கதை. லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட் அறிமுகமாவது இதில்தான், அப்போது அவர் கர்னல். இது முந்தைய ஆண்டு வந்த 'தி அபாமினபிள் ஸ்னோமென்' கதையின் தொடர்ச்சி. திபெத் மடாலயத்தில் நடக்கும் அந்தக் கதையின் காலம் 1935. அது நடந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது என்று 'வெப் ஆஃப் ஃபியர்' சொல்கிறது. ஆக, சுரங்க ரயில் கதை குறைந்தபட்சம் 1975. அதே 1968-ன் கடைசியில் 'தி இன்வேஷன்' வருகிறது. யூனிட் என்ற அமைப்பு முதன்முதலில் தலைகாட்டுவது இதில். கர்னல் இப்போது பிரிகேடியராகிவிட்டார். எட்டி விவகாரம் முடிந்து நான்கு ஆண்டு இருக்கும் என்று டாக்டரிடம் சொல்கிறார். 1975-உடன் நான்கைக் கூட்டினால் 1979.

இந்த 1979-ஐத் திரையில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். நாம் கூட்டிக் கண்டுபிடித்த எண் அது. 'நாற்பதுக்கு மேல்' என்பதும் 'நான்கு இருக்கும்' என்பதும் குத்துமதிப்பான பேச்சு. ஓரிரண்டு ஆண்டு முன்னே பின்னே நகரலாம். ஆனால் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் 1968-க்குக் கொண்டுவந்து சேர்க்க முடியாது. யூனிட் கதைகள் ஒளிபரப்பான ஆண்டைவிடக் கொஞ்சம் பிந்திய காலத்தில் நடப்பவை என்று தொடக்கத்தில் முடிவு செய்யப்பட்டிருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. யூனிட்டை உருவாக்கிய டெரிக் ஷெர்வினின் எண்ணமும் அதுதான். அடுத்தடுத்து வந்த கதைகளும் அதையே காட்டுகின்றன. 1970-ல் வந்த 'தி அம்பாசடர்ஸ் ஆஃப் டெத்' கதையில் பிரிட்டன் செவ்வாய்க்கு மனிதர்களை அனுப்புகிறது. 1971-ல் வந்த 'தி டீமன்ஸ்' கதையில் ஓர் அகழாய்வைப் பிபிசி 3 என்ற சேனல் நேரலையில் காட்டுகிறது. அன்றைக்கு அப்படி ஒரு சேனலே இல்லை, 2003-ல்தான் வந்தது. 1973-ல் வந்த 'தி கிரீன் டெத்' கதையில் பிரதமரை ஜெரமி என்று கூப்பிடுகிறார்கள். லிபரல் கட்சித் தலைவர் ஜெரமி தோர்ப்பை மனதில் வைத்து அடித்த கிண்டல் அது. நிஜத்தில் அவர் பிரதமராகவே இல்லை.

யூனிட் பக்கம் ஏன் இவ்வளவு கதை என்றால், காரணம் காசு. 1970-ல் தொடர் வண்ணத்துக்கு மாறியது. ஒவ்வொரு கதைக்கும் புதுக் கிரகம் ஒன்றை உருவாக்கக் கட்டுப்படியாகவில்லை. டாக்டருக்கு நாடுகடத்தல் தண்டனை கொடுத்துப் பூமியிலேயே உட்காரவைத்தார்கள். ஜான் பெர்ட்வீ நடித்த மூன்றாவது டாக்டர் (நடிகர் மாறும்போது டாக்டரும் உருவம் மாறிவிடுவார்) யூனிட்டின் ஆலோசகரானது அப்படித்தான். தற்காலிகமாக யோசித்த ஏற்பாடு ஐந்து சீசன் ஓடியது. அதுவரை எப்போதாவது தலைகாட்டிய பிரிகேடியர், குடும்பத்தில் ஒருவராகிவிட்டார். இது முக்கியம், பின்னால் வருகிறேன்.

இரண்டாவது கணக்கு நீங்கள் பிடித்த 1980. இதை வாய்தவறி வந்த ஒரு வரி என்று தள்ளிவிடச் சிலர் பார்க்கிறார்கள். தள்ள முடியாது. கதை நடப்பது 1911-ல். சூடெக் என்ற பண்டைய சக்தி விடுதலையாகி உலகத்தை அழிக்கப் பார்க்கிறது. 'உலகம் 1911-ல் அழியவில்லை என்பது நமக்குத் தெரியுமே, நான் 1980-லிருந்து வந்தவள்தானே, நாம் கிளம்பிப் போய்விடலாம்' என்கிறாள் சாரா. டாக்டர் அவளை 1980-க்கே கூட்டிப்போய்க் கதவைத் திறந்து காட்டுகிறார். வெளியே பாழ்நிலம். சூடெக்கைத் தடுக்காமல் வந்தால் உன் 1980 இப்படித்தான் இருக்கும் என்று புரியவைத்துத் திரும்ப 1911-க்கு அழைத்து வருகிறார். அந்த ஒரு காட்சிதான் கதையின் பிடிமானம். வேறொரு எண்ணைச் சொல்லியிருந்தாலும் காட்சி நின்றிருக்கும் என்பது உண்மை. ஆனால் சாராவின் சொந்த நிகழ்காலம் எது என்று சொல்லாமல் அந்தக் காட்சியை எழுதவே முடியாது. சொன்னது ராபர்ட் ஹோம்ஸ். கதைக்கு வேறொரு புனைபெயர் போட்டிருந்தாலும் திருத்தி எழுதியது அவர்தான். அந்தக் காலகட்டத்தின் ஸ்கிரிப்ட் எடிட்டரும் அவரே. விவரம் தெரியாத ஆள் இல்லை.

இந்த இரண்டு கணக்கையும் ஒரே அணி என்று நினைத்து '1980 ஆதரவாளர்கள்' என்று சேர்த்துவிடுகிறார்கள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். 'தி இன்வேஷன்' 1979 என்றால், அதற்குப் பிறகுதான் பெர்ட்வீயின் ஐந்து சீசனும் அடுத்த டாக்டரான டாம் பேக்கரின் தொடக்கக் கதைகளும் நடந்தாக வேண்டும். ஒளிபரப்பில் அது ஏறக்குறைய ஏழு ஆண்டு. நிஜ வேகத்தில் ஓடவிட்டால் சாரா கிளம்பியது 1985, 1986 என்று வரும். அவளோ 1980 என்கிறாள். இரண்டையும் காப்பாற்ற வேண்டுமானால் ஆட்டான்கள், சிலூரியன்கள் என்ற எதிரிகள், மாஸ்டர் என்ற வில்லனின் அத்தனை சதிகள், லண்டனில் டைனோசர்கள் எல்லாம் சுமார் ஓராண்டுக்குள் நடந்து முடிந்திருக்க வேண்டும். பாவம் பிரிகேடியர், மூச்சுவிட நேரம் இருந்திருக்காது. ஆக, 1983-க்கு முன்பே கணக்கு இடித்துக்கொண்டுதான் இருந்தது. யாரும் சத்தம் போடவில்லை, காரணம் இரண்டும் 'கொஞ்சம் எதிர்காலம்' என்ற ஒரே திசையில் இருந்தன.

மூன்றாவது கணக்கு 'மாட்ரின் அன்டெட்'. இங்கே தேதிகள் பட்டவர்த்தனமாகச் சொல்லப்படுகின்றன. பீட்டர் டேவிசனின் டாக்டர் 1983-ல் இருக்கிறார். அவரோடு பயணிக்கும் டீகனும் நிஸ்ஸாவும் 1977-ல் மாட்டிக்கொள்கிறார்கள். அது எந்த ஆண்டு என்று தெரிவதே எலிசபெத் அரசியின் வெள்ளிவிழாவை வைத்துத்தான். நிஜ பிரிட்டனில் அந்த விழா 1977 ஜூனில் நடந்தது, யாராலும் நகர்த்த முடியாத ஆணி. இரண்டு காலத்திலும் பிரிகேடியர் அதே பள்ளியில் வாத்தியார். கடைசியில் இரண்டு பிரிகேடியர்களும் ஒருவரையொருவர் தொட்டுவிடுகிறார்கள், அந்த அதிர்ச்சியில்தான் 1977 ஆள் ஞாபகத்தை இழக்கிறார். அதாவது இதிலும் ஆண்டு ஓரத்தில் கிடக்கும் அலங்காரம் இல்லை. அதை எடுத்துவிட்டால் கதையே விழுந்துவிடும்.

ஒரு தொடரில் இரண்டு தகவல் மோதினால் நான் கேட்கும் முதல் கேள்வி, இதில் எது கதையைத் தாங்குகிறது, எது போகிற போக்கில் வந்தது என்பதே. போகிற போக்கில் வந்ததை விட்டுவிடலாம், பார்வையாளர் மன்னித்துவிடுவார். வழக்கமாக இந்த ஒரு கேள்வியிலேயே பஞ்சாயத்து முடிந்துவிடும். யூனிட் விஷயத்தில் முடியாது. 1980-ம் தாங்கு தூண், 1977-ம் தாங்கு தூண். இதை ஒப்புக்கொள்ளாமல் ஏதோ ஒன்றை 'வெறும் வாய்தவறல்' என்று சொல்லும் எந்த விளக்கத்தையும் நான் ஏற்பதில்லை.

யாரும் கவனிக்கவில்லையா என்ற உங்கள் கேள்விக்கு, கவனிக்காமல் இருந்திருக்க முடியாது என்பதுதான் பதில். 1983 என்பது தொடரின் இருபதாவது ஆண்டு. ரசிகர் சங்கம் தொடங்கி ஏழு ஆண்டாகிவிட்டது, தொடருக்கென்றே தனிப் பத்திரிகை நான்காவது ஆண்டில் ஓடிக்கொண்டிருந்தது. 'மாட்ரின் அன்டெட்'டிலேயே பிரிகேடியருக்கு ஞாபகம் திரும்பும் இடத்தில் பழைய கதைகளின் காட்சித் துண்டுகள் ஓடுகின்றன, எட்டி உட்பட. பழைய சுருள்களைத் தேடி எடுத்து வெட்டி ஒட்டியவர்கள், பழைய கதை தெரியாமல் செய்தார்கள் என்று சொல்ல வாய்ப்பில்லை.

பிறகு ஏன்? எனக்குத் தெரிந்து இதற்கு நேரடியான தொழில் காரணம் ஒன்று இருக்கிறது, கால்ஷீட். பீட்டர் கிரிம்வேட் எழுதிய இந்தக் கதையில் அந்த வாத்தியார் பாத்திரம் முதலில் பிரிகேடியருக்கு யோசித்ததே இல்லை. 1963-ல் தொடரின் முதல் கதையிலிருந்து டாக்டருடன் பயணித்த இயான் செஸ்டர்டனுக்காக யோசித்தது. இயான் அசல் பள்ளி ஆசிரியர். 1965-ல் லண்டனுக்குத் திரும்பிவிட்டவர். 1977-ல் ஒரு பள்ளியில் அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தால் யாருக்கு என்ன ஆட்சேபம்? கணக்கு கச்சிதமாக இருந்தது. இயானாக நடித்த வில்லியம் ரஸ்ஸல் கிடைக்கவில்லை. இருபதாவது ஆண்டுக்குப் பழைய முகம் ஒன்று வேண்டும் என்பதால் அந்த இடத்துக்குப் பிரிகேடியராக நடித்த நிக்கோலஸ் கோர்ட்னி வந்தார். ஆள் மாறினார், தேதிகள் மாறவில்லை. ராணுவத்தில் பழுத்த ஒரு மனிதர் எதற்காகக் கணக்கு வாத்தியாராகப் போனார் என்று பார்க்கும்போது உங்களுக்கும் உறுத்தியிருக்கும். அதற்கும் விடை இதுதான்.

இதை முதல்முறை தெரிந்துகொண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் பிரிகேடியர் என்ற பாத்திரம் நம் கைக்கு வந்ததே இன்னொரு கால்ஷீட் கதை. 'வெப் ஆஃப் ஃபியர்' எடுக்கும்போது லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட்டாக ஒப்பந்தமானவர் டேவிட் லாங்டன். அவர் விலகிக்கொண்டார். அதே கதையில் கேப்டன் நைட் என்ற சின்னப் பாத்திரத்துக்கு வந்திருந்த கோர்ட்னியைத் தூக்கி அந்த இடத்தில் போட்டார்கள். கேப்டன் நைட் கதை முடிவதற்குள் செத்துப்போகிறார். முதலில் பேசியபடியே எல்லாம் நடந்திருந்தால் கோர்ட்னி அந்தக் கதையோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

சரி, தேதிகளையாவது மாற்றியிருக்கலாமே என்று கேட்கலாம். 1983-ன் தயாரிப்பாளர் ஜான் நாதன்-டர்னர், ஸ்கிரிப்ட் எடிட்டர் எரிக் சாவர்ட். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் மாற்றியிருக்க மாட்டேன். பதினைந்து வருடம் முன்பு 'கொஞ்சம் எதிர்காலம்' என்று எழுதியது இப்போது எதிர்காலமாக இல்லை, கடந்துபோய்விட்டது. பழைய கணக்கைக் காப்பாற்ற வேண்டுமென்றால் 1983-ன் பார்வையாளருக்கு, 'இந்தக் கதை 1991-ல் நடக்கிறது, இதில் வரும் 1985-ல் பிரிகேடியர் ஏற்கெனவே ஓய்வுபெற்றுவிட்டார்' என்று சொல்ல வேண்டும். வெள்ளிவிழாத் தோரணம் போய்விடும். பார்ப்பவருக்குத் தன் சொந்த வாழ்க்கையோடு ஒட்டுகிற ஒரே தேதி போய்விடும். எதற்காக? பெரும்பாலானோர் பார்த்திருக்கவே முடியாத இரண்டு பழைய கதைகளில் வந்த இரண்டு வரிக்காக.

பார்த்திருக்க முடியாத என்று சொல்வது மிகையில்லை. அறுபதுகளில் எடுத்த எபிசோடுகளைப் பிபிசி பெரிய அளவில் அழித்துவிட்டது. 1983-ல் 'வெப் ஆஃப் ஃபியர்' கதையில் அவர்களிடம் மிஞ்சியிருந்தது முதல் எபிசோட் மட்டும். கடையில் விற்ற முதல் 'டாக்டர் ஹூ' வீடியோ கேசட் வந்ததே அந்த ஆண்டின் கடைசியில்தான். நம்மைப் போல ஒரு பட்டனைத் தட்டி 1968 வசனத்தை மறுபடி கேட்க அன்று யாராலும் முடியாது. ரசிகர்கள் டிவி முன்னால் டேப்ரிக்கார்டரை வைத்து ஒலியை மட்டும் பதிந்து வைத்திருந்தார்கள். தொலைந்த எபிசோடுகளின் வசனங்கள் இன்று நமக்குத் தெரிகிறதென்றால் அவர்கள் புண்ணியத்தில்தான். 'வெப் ஆஃப் ஃபியர்' இன்னும் நான்கு எபிசோடு நைஜீரியாவின் ஜோஸ் நகர டிவி நிலையம் ஒன்றில் கிடைத்த செய்தி 2013-ல்தான் வெளியானது.

வாதங்களில் அடிக்கடி வரும் இன்னொரு வகைச் சாட்சியத்தையும் சொல்லிவிடுகிறேன்: உடை, கார், முடிவெட்டு. 'பெர்ட்வீ காலக் கதைகளைப் பாருங்கள், பெல்பாட்டமும் கிருதாவும், இது எழுபதுகள் இல்லாமல் வேறென்ன?' என்பார்கள். இதற்கு நான் மதிப்பே கொடுப்பதில்லை. எந்தத் தொடரிலும் திரையில் தெரிவது படமெடுத்த ஆண்டுதான். அந்தக் கண்ணை வைத்து ஆண்டைக் கணித்தால் செவ்வாய்க் கிரகத்திலும் 1970 என்றுதான் வரும். எதிர்காலத்தைக் கணித்துச் சொல்லும் வசனங்களும் இப்படியே நம்ப முடியாதவை, பலித்தாலும் சரி பலிக்காவிட்டாலும் சரி. 1975-ல் வந்த 'டெரர் ஆஃப் தி ஸைகான்ஸ்' கதையில் பிரிகேடியர் பிரதமரிடம் போனில் 'மேடம்' என்று பேசுகிறார். மார்கரெட் தாட்சர் அந்த ஆண்டுதான் கட்சித் தலைவரானார், பிரதமரானது 1979 மே மாதம். 'பார்த்தீர்களா, கதை 1979-க்குப் பிறகு' என்று இதைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. எழுதியவர்கள் அடித்த ஒரு ஜோக் பலித்துவிட்டது, அவ்வளவுதான். ஜெரமி பலிக்கவில்லை, மேடம் பலித்தது. இரண்டுக்கும் சாட்சிய மதிப்பு ஒன்றே.

கதைக்குள்ளேயே விளக்கம் உண்டா என்றால், ரசிகர்கள் கண்டுபிடித்தவை ஏராளம். சாரா 1980 என்று முழு எண்ணாகச் சொன்னாள் என்பது ஒன்று. கூட நின்று கேட்பவர் 1911-ன் ஆள், அவருக்கு எழுபத்தைந்தாக இருந்தால் என்ன எண்பதாக இருந்தால் என்ன. இது அழகான விளக்கம். ஆனால் டாக்டர் டார்டிஸைக் கொண்டுபோய் நிறுத்துவதும் 1980-ல்தான் என்பதால் முழுதாக ஒட்டவில்லை. இடையில் வரலாறே மாறிவிட்டது என்பது இன்னொன்று. காலப்போர் நடந்தது, 2010-ல் வந்த கதையில் பிரபஞ்சமே அழிந்து மறுபடி தொடங்கியது, ஆகவே பழைய தேதிகள் புரண்டிருக்கலாம் என்கிறார்கள். இதை வைத்து எந்த முரணையும் துடைத்துவிடலாம் என்பதால்தான் எனக்கு இது ருசிக்கவில்லை. 'தி அண்டர்வாட்டர் மெனஸ்', 'தி டீமன்ஸ்', 'தி டைம் மான்ஸ்டர்' ஆகிய மூன்று கதைகளும் 1967-லிருந்து 1972-க்குள் அட்லாண்டிஸ் அழிந்ததற்கு மூன்று தனித்தனிக் காரணம் சொல்கின்றன. அதற்கும் இதே பதில் போதும். ஆனால் அட்லாண்டிஸுக்காக யாரும் இவ்வளவு ரத்தம் சிந்துவதில்லை. அங்கே நமக்குப் பிரியமான ஆள் யாரும் இல்லை. பிரிகேடியர் விஷயத்தில் ஒரு மனிதரின் ஆயுள் கணக்கு இருக்கிறது. அவர் எப்போது சேர்ந்தார், எத்தனை வருடம் சேவை செய்தார், எப்போது சீருடையைக் கழற்றினார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுவது சொந்தப் பெரியப்பாவைப் பற்றி விசாரிப்பது போலத்தான்.

2005-ல் தொடர் மறுபடி தொடங்கிய பிறகு எழுத வந்தவர்களில் பலர் இந்தச் சண்டையில் வளர்ந்த ரசிகர்கள். அவர்கள் தீர்ப்புச் சொல்லாமல் கண்ணடித்துவிட்டுப் போனார்கள். 2008-ல் வந்த 'தி சொன்டாரன் ஸ்ட்ராட்டஜம்' கதையில் டேவிட் டெனன்ட்டின் டாக்டர், தான் யூனிட்டில் வேலை பார்த்தது எழுபதுகளில், இல்லை எண்பதுகளா என்று இழுக்கிறார். 2013-ன் ஐம்பதாவது ஆண்டுச் சிறப்புக் கதையில் பிரிகேடியரின் மகள் கேட் ஸ்டூவர்ட் ஒரு பழைய கோப்பைக் கேட்கிறாள். எந்தத் தேதி முறையைப் பின்பற்றுகிறோம் என்பதைப் பொறுத்து அது எழுபதுகளிலோ எண்பதுகளிலோ இருக்கும் என்கிறாள். சொந்த அலுவலகக் கோப்பறையிலேயே இரண்டு கணக்கு ஓடுகிறதாம். நான் பார்த்த கன்டின்யூட்டி ஒட்டு வேலைகளில் இதைவிடச் சிக்கனமானது இல்லை. ஒரே வசனத்தில் இரண்டு பக்கத்தையும் ஒப்புக்கொண்டாயிற்று. இதற்கிடையே, சாராவின் பெயரிலேயே ஓடிய தனித்தொடர் 2007-ல் அவளுக்கு 1964-ல் வயது 13 என்றது. அது எழுபதுகளுக்குச் சாதகமான எடை. 1980-ல் அவளுக்கு 29 ஆகியிருக்கும், அதுவும் நடக்காத காரியம் இல்லை, ஆனால் 1974-ல் 23 என்பது அந்தத் துடிப்பான இளம் பத்திரிகையாளருக்கு இன்னும் இயல்பாகப் பொருந்துகிறது.

என் தீர்ப்பைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். எழுதியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது கேள்வியானால், 1968 முதல் 1975 வரை அவர்கள் நினைத்தது 'கொஞ்சம் எதிர்காலம்' என்பது உறுதி. தொடரை ஒரே உலகமாக எடுத்துக்கொண்டு, அதற்குள் ஒரு தேதியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் எழுபதுகளின் பக்கம். பின்னால் வந்ததால் மட்டும் அல்ல. 1983 கதை நிஜ உலகின் தேதியோடு கட்டப்பட்டிருக்கிறது, பிந்திய கதைகளும் அதன் மீதே சாய்ந்திருக்கின்றன. எழுபதுகளின் பக்கம் போனால் நீங்கள் இழப்பது 1980 என்ற ஒரு எண்ணும், 1968-ன் இரண்டு குத்துமதிப்புகளும். 1980 பக்கம் போனால் இழப்பது ஒரு முழுக் கதை. இதில் உறுதியானது சேதத்தின் அளவு மட்டும்தான். எந்தச் சேதம் உங்களுக்குச் சம்மதம் என்பது உங்கள் விருப்பம். 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' தனக்கு 'மாட்ரின்'னைவிட நூறு மடங்கு உசத்தி, அதற்காக 1980-ஐத்தான் வைத்துக்கொள்வேன் என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். கதையாக அது உசத்திதான்.

பார்க்கும் வரிசையை இதற்காக மாற்ற வேண்டாம், ஒளிபரப்பான வரிசையிலேயே போங்கள். நீங்கள் நேரடியாக 1970-லிருந்து தொடங்கியிருந்தால் மட்டும் 'வெப் ஆஃப் ஃபியர்', 'தி இன்வேஷன்' இரண்டையும் இடையில் பார்த்துவிடுங்கள், கணக்கின் வேர் அங்கேதான் இருக்கிறது. 'இன்வேஷன்' எட்டு எபிசோடில் ஒன்றும் நான்கும் அசலாகக் கிடையாது, கார்ட்டூனாக வரைந்து சேர்த்திருக்கிறார்கள். 'வெப் ஆஃப் ஃபியர்' மூன்றாவது எபிசோடும் 2021 வெளியீட்டில் அதே மாதிரி அனிமேஷனாக வருகிறது. லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட் முதன்முதலில் முகம் காட்டுவது அந்த மூன்றாவதில்தான், ஆகவே அனிமேஷன்தானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.